ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு: ஜப்பானின் வெந்நீர் ஊற்று விடுதியில் தங்குவது எப்படி?

ஜப்பானில் பாரம்பரிய விடுதி தேடத் தொடங்கினால் கொஞ்ச நேரத்திலேயே ஒரு சொல் கண்ணில் படும்: இப்பாக்கு நிஷோக்கு. ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு என்று பொருள். ரியோகான் எனப்படும் அந்த விடுதிகளைப் புரிந்துகொள்ள இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். ஹோட்டலில் நாம் வாடகைக்கு எடுப்பது அறையை. ரியோகானில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து மறுநாள் காலை பத்து மணிவரை உள்ள பொழுது முழுவதையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். எப்போது குளியல், எப்போது சாப்பாடு, எப்போது படுக்கை விரிப்பது என எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு முறை இருக்கிறது. அந்த முறைக்குள் நாமும் போய் உட்கார்ந்துகொள்வதுதான் ரியோகானில் தங்குவது.

விலையும் அதனால்தான் வேறு மாதிரி இருக்கும். பெரும்பாலான இடங்களில் கட்டணம் அறைக்கு இல்லை, ஆளுக்கு. நடுத்தரமான ஒரு ரியோகானில் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஒருவருக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும். சனிக்கிழமைகளிலும் புத்தாண்டுச் சமயத்திலும் இன்னும் கூடும். இரண்டு பேர் போனால் அப்படியே இரட்டிப்பு. முதலில் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்கள் கொண்ட இரவுச் சாப்பாடு, காலை உணவு, எத்தனை முறை வேண்டுமானாலும் குளியல் எல்லாம் அதற்குள் அடக்கம். இதற்கு மேல் பெரும்பாலும் ஆளுக்கு 150 யென் குளியல் வரி மட்டும் வரும். டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை.

எந்த விடுதிக்குப் போனாலும் ஒரு விஷயத்தை மட்டும் மறக்கவே வேண்டாம்: சீக்கிரம் போய்ச் சேருங்கள். நான் முதல் முறை போனபோது பகல் முழுவதும் ஊர் சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்குத்தான் வாசலில் போய் நின்றேன். சமையற்கட்டை மூடியிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து விடுதிக்கார அம்மா இரண்டு சோற்று உருண்டை பிடித்துக் கொடுத்தார். தவறு முழுக்க என்னுடையதுதான். இரவுச் சாப்பாடு ஆறு அல்லது ஆறரை மணிக்கு; அதற்கு முன்னால் ஒரு குளியல் போட வேண்டும்; குளியலுக்கு முன்னால் அறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும். பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்கு மணிக்குள் அங்கே இருந்தாக வேண்டும். ரியோகானில் தங்கும் நாளில் சுற்றிப் பார்க்க வேறு இடம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அந்த விடுதிதான் ஊர்.

சரி, வெந்நீருக்கு வருவோம். எல்லா ரியோகானிலும் ஊற்று நீர் இருக்காது. ஊற்று நீர் உள்ளவற்றைத்தான் ஒன்சென் ரியோகான் என்கிறார்கள். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. எதை ஒன்சென் என்று அழைக்கலாம் என்பதற்கு 1948-ல் ஒரு சட்டமே போட்டார்கள். பூமிக்கடியிலிருந்து வரும் நீர் வெளிப்படும் இடத்தில் 25 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் சொல்லும் 19 பொருட்களில் ஒன்றாவது குறித்த அளவுக்கு மேல் அதில் கலந்திருக்க வேண்டும். ஆகவே குளிர்ந்த ஊற்றும் ஒன்சென் ஆகலாம். அதைச் சூடாக்கித் தொட்டியில் விடுவார்கள். உடை மாற்றும் அறைச் சுவரில் அந்த நீரின் ஆய்வு விவரம் ஒட்டியிருக்கும்: எந்த ஊற்று, எவ்வளவு சூடு, என்னென்ன உப்புகள். கென்சென் காகெநாகாஷி என்று ஒரு விடுதி பெருமையாகச் சொல்லிக்கொண்டால், ஊற்றிலிருந்து வரும் நீர் சுழற்சியில் திரும்பி வராமல் தொட்டியை நிறைத்து வழிந்து ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். விடுதி தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும். குன்மா மாகாணத்தின் குசாட்சுவில் நீர் கடுமையான அமிலத் தன்மை உடையது, கந்தக வாடை ஊர் முழுக்க வீசும். வெள்ளி மோதிரம் போட்டுக்கொண்டு இறங்கினால் கறுத்துவிடும். ஊற்று நீர் இறங்க முடியாத சூட்டில் வருகிறது. பச்சைத் தண்ணீர் கலந்தாலோ அதன் சத்து நீர்த்துப்போகும். அதனால் ஆள் உயரப் பலகைகளை நீருக்குள் விட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே புரட்டி, நாம் காபி ஆற்றுகிற மாதிரி ஆற்றுவார்கள். யுமோமி என்று அதற்குப் பெயர். கோபே நகருக்குப் பின்னால் மலையில் இருக்கும் அரிமாவில், இரும்பும் உப்பும் கலந்து துருப்பிடித்த செம்பழுப்பு நிறத்தில் ஒரு நீர் வருகிறது. அதைப் பொன் நீர் என்கிறார்கள். பக்கத்தில் எரிமலையே கிடையாது. கடல் தட்டு ஒன்று ஜப்பானுக்கு அடியில் சரிந்து போகும்போது அதிலிருந்து பிழிந்து மேலே வரும் நீர் அது. கியூஷு தீவின் பெப்பு நகரில் 2,000-க்கும் மேற்பட்ட ஊற்றுகள். சாக்கடை மூடியிலிருந்துகூட அங்கே ஆவி கிளம்பும்.

இந்த ஊற்றுகளுக்கு மக்கள் முதலில் போனது வைத்தியத்துக்குத்தான். தோஜி என்பது அந்தப் பழக்கத்தின் பெயர். அறுவடை முடிந்த உழவர்கள் அரிசியைக் கட்டிக்கொண்டு போய், தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, ஒரு வாரம் பத்து நாள் என்று தங்கி உடம்பு வலி தீரக் குளித்துவிட்டு வருவார்கள். விடுதிகளும் அந்த அளவுக்குப் பழையவை. யமனாஷி மாகாணத்தில் உள்ள கெய்யுன்கான் கி.பி. 705-லும், இஷிகாவாவில் உள்ள ஹோஷி 718-லும் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படுகின்றன. உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸ் ஏற்றிருப்பது கெய்யுன்கானை.

இப்போது உள்ளே போவோம். வாசலில் கெங்கான் என்ற தாழ்வான தளம் இருக்கும். செருப்பை அங்கேயே கழற்றிவிட வேண்டும். ஒரு படி மேலே ஏறினால் விடுதியின் ஸ்லிப்பர். அதையும் அறைக்குள் தத்தாமி பாயைத் தொடும் முன்னால் கழற்ற வேண்டும். பாயில் வெறும் காலோ சாக்ஸோதான். கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு அப்படியே வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரப் பெட்டியைப் பாயின் மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். சுவரோரம் சற்று உயர்த்திய மாடம் ஒன்றில் ஓவியச் சுருளும் ஒரு பூவும் இருக்கும். தொகொனோமா என்ற அந்த இடம் அறையிலேயே மதிப்பான இடம், பெட்டி வைப்பதற்கு உரியதல்ல.

அறையில் கட்டில் இருக்காது. ஒரு தாழ்ந்த மேசை, உட்காரத் தலையணை போன்ற சபுதோன், காகிதம் ஒட்டிய ஷோஜி கதவு, அவ்வளவுதான். அந்த வெறுமை எனக்கு மிகவும் பிடிக்கும். தரையில் உட்கார்ந்து வளர்ந்த யாருக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நகாய்-சான் என்று அழைக்கப்படும் பணிப்பெண் வந்து தேநீர் ஊற்றிக் கொடுத்து, சாப்பாட்டு நேரத்தைக் கேட்டுவிட்டுப் போவார். விடுதியின் தலைவி ஒகாமி. பல இடங்களில் அவரும் வந்து வணக்கம் சொல்வார். மேசையில் ஒரு சின்ன இனிப்பு வைத்திருப்பார்கள். அதைச் சாப்பிட்டுத் தேநீரையும் குடித்துவிட்டுத்தான் குளிக்கப் போக வேண்டும். வெறும் வயிற்றோடு சூடான நீரில் இறங்கினால் தலை சுற்றும், வியர்வையில் நீர்ச்சத்தும் குறையும். உபசாரம் போலத் தெரியும் அந்தத் தட்டில் இப்படி ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது.

அலமாரியில் யுகாதா இருக்கும், பருத்தியில் தைத்த லேசான அங்கி. இனி மறுநாள் காலை வரை அதுதான் உடுப்பு. குளிக்கப் போகவும், சாப்பிடவும், தூங்கவும், சில ஊர்களில் தெருவில் நடக்கவும் அதுவே போதும். கட்டும்போது வலப்பக்கத்தை முதலில் உடம்போடு சேர்த்துவிட்டு, இடப்பக்கம் அதன் மேல் வருமாறு மடிக்க வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும். தவறாகக் கட்டியிருந்தால் நகாய்-சான் வந்து மெல்லச் சரிசெய்துவிடுவார். குளிர் நாட்களில் மேலே போட்டுக்கொள்ள ஒரு குட்டை அங்கியும் கொடுப்பார்கள்.

குளியலறை வாசலில் நொரென் என்ற துணித்திரை தொங்கும். பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், எழுத்தைப் பழகிக்கொள்ளுங்கள். ஆணுக்கான எழுத்தில் மேலே நான்கு கட்டமாகப் பிரித்த ஒரு வயல் இருக்கும். பெண்ணுக்கானது ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மூன்றே கோடுகள். பல விடுதிகளில் இரவோடு இரவாக இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், எல்லோரும் இரண்டு குளியலையும் பார்க்கட்டும் என்று. நேற்றுப் போன பக்கம்தானே என்று காலையில் தூக்கக் கலக்கத்தோடு நுழைந்துவிடாதீர்கள்.

உள்ளே கூடை இருக்கும். எல்லாத் துணியையும் அதில் போட வேண்டும். ஆம், எல்லாவற்றையும், நீச்சல் உடைகூடக் கூடாது. பெரிய துண்டும் அங்கேயே இருக்கட்டும். கைத்துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கேமரா, கைப்பேசி எதுவும் கூடாது.

அங்கே வரிசையாகக் குழாய்களும் குட்டி முக்காலிகளும் வாளிகளும் இருக்கும். ஒன்சென் குளியலின் முக்கியமான பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. குளிப்பது வேறு, தொட்டியில் இறங்குவது வேறு. சோப்புப் போட்டுத் தேய்த்து, தலைக்கு ஊற்றி, நுரை போக அலசி, முழுக்கச் சுத்தமாகும் வேலை முக்காலியில் உட்கார்ந்தபடி இங்கேயே முடிய வேண்டும். தொட்டி அதற்குப் பிறகு. நூறு பேர் இறங்கும் நீர் அது. அழுக்கோ சோப்போ அதில் கலக்கக் கூடாது என்பதுதான் மற்ற எல்லா விதிகளுக்கும் தாய் விதி. கைத்துண்டை நீரில் நனைக்காமல் தலைமேல் மடித்து வைத்துக்கொள்வதும், நீண்ட கூந்தலை அள்ளி முடிவதும், இறங்கும் முன் சில வாளி நீரை மேலே ஊற்றிக்கொள்வதும் இதிலிருந்து வருபவைதான். அந்தக் கடைசிச் செயலுக்குக் காகெயு என்று பெயர். உடம்பைச் சூட்டுக்குப் பழக்குவதும் அதன் வேலை. காலிலிருந்து தொடங்கி மெல்ல மேலே ஊற்றுங்கள்.

நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி இருக்கும். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது, இறங்கினால்தான் தெரியும். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். எழுந்து ஓரத்தில் உட்காருங்கள், மறுபடி இறங்குங்கள். ரோத்தென்புரோ என்ற திறந்தவெளித் தொட்டி இருந்தால் அங்கே நெடுநேரம் இருக்கலாம். தலைக்குக் குளிர்காற்று, உடம்புக்குச் சுடுநீர். பனி விழும் இரவில் அப்படி உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள். மார்பு படபடத்தாலோ கண் இருட்டினாலோ உடனே மேலே வந்துவிடுங்கள், ஆனால் சட்டென்று எழாமல். இதய நோயும் கட்டுப்படாத ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே போக வேண்டும். மது அருந்தியபின் இறங்கவே கூடாது. வெளியே வரும்போது நல்ல தண்ணீரால் மறுபடி அலச வேண்டிய அவசியமில்லை. ஊற்றின் உப்புகள் தோலில் தங்கட்டும் என்பது வழக்கம். குசாட்சு போன்ற கடுமையான அமில நீர் என்றால் மென்மையான தோல் உள்ளவர்கள் அலசிவிடலாம். உடை மாற்றும் அறையில் கால்வைக்கும் முன் கைத்துண்டைப் பிழிந்து ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கூச்சம் பற்றியும் பேச வேண்டும். ஆற்றிலும் குளத்திலும் துணியோடு குளித்துப் பழகிய நமக்கு இது பெரிய தடை என்பது எனக்குத் தெரியும். முதல் மூன்று நிமிடம்தான் சங்கடம். ஒருவரும் நம்மைப் பார்ப்பதில்லை, எல்லோரும் தத்தம் வேலையில் இருப்பார்கள் என்பது சீக்கிரம் புரிந்துவிடும். அப்படியும் முடியாது என்றால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். காஷிகிரி என்று கேளுங்கள். குடும்பமோ தம்பதியோ உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் தனிக் குளியல் அது. பெரும்பாலும் முக்கால் மணி நேரம் கிடைக்கும். அறையோடு சேர்ந்த சொந்தத் தொட்டி உள்ள விடுதிகளும் உண்டு, விலைதான் கூடும். பச்சை குத்தியிருப்பவர்களைப் பல இடங்களில் பொதுத் தொட்டிக்குள் விடுவதில்லை. யாக்குசா என்ற குற்றக் கும்பல்களோடு அதைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அவர்களுக்கும் காஷிகிரிதான் எளிய வழி.

எந்த ஊருக்குப் போவது என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு பெயர் சொல்வேன். ஒன்று கினோசாக்கி. கியோத்தோவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஆற்றங்கரை நெடுக வில்லோ மரங்கள், ஊரில் ஏழு பொதுக் குளியல் இல்லங்கள். விடுதியில் தங்குபவர்களுக்கு அவற்றில் அனுமதி உண்டு. மாலையானால் யுகாதாவும் மரச்செருப்புமாக ஊரே தெருவில் நடக்கும், டக்டக்கென்ற சத்தத்தோடு. ரயில் நிலையம்தான் வாசல், தெருக்கள்தான் தாழ்வாரம், விடுதிகள்தான் அறைகள், பொதுக் குளியல்கள்தான் குளியலறை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பச்சை குத்தியவர்களையும் இங்கே பொதுக் குளியல் இல்லங்களில் அனுமதிக்கிறார்கள்.

இன்னொன்று குமாமோத்தோ மலைகளுக்குள் இருக்கும் குரோகாவா. ஒரு காலத்தில் யாரும் எட்டிப்பார்க்காத ஊர் அது. கோத்தோ தெத்சுயா என்ற விடுதிக்காரர் உளியை எடுத்துக்கொண்டு தன் விடுதிக்குப் பின்னால் இருந்த பாறையை ஆண்டுக்கணக்கில் குடைந்து ஒரு குகைக் குளியல் செய்தார். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த வித்தையை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. மற்ற விடுதிகளும் திறந்தவெளித் தொட்டிகள் அமைத்தன. இரண்டு விடுதிகளுக்கு மட்டும் அதற்கு இடமில்லை. அவர்களை விட்டுவிடக் கூடாது என்று 1986-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வட்டமான ஒரு மரச்சீட்டு வாங்கினால், எந்த விடுதியில் தங்கினாலும், ஊரில் விருப்பப்பட்ட மூன்று இடங்களில் குளிக்கலாம். அடுத்து, தனித்தனியாக வைத்திருந்த விளம்பரப் பலகைகளை எல்லோரும் சேர்ந்து அகற்றினார்கள், மரங்கள் நட்டார்கள். இன்று அந்தப் பள்ளத்தாக்கில் நடக்கும்போது கடைத்தெரு என்ற எண்ணமே வராது. அந்த மரச்சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடைக்கரையோரம் தொட்டி தொட்டியாகப் போய்வந்த மாலைதான் இதையெல்லாம் எழுதத் தூண்டியது.

இரவுச் சாப்பாடு கைசெகி முறையில் வரும். சின்னச் சின்னக் கிண்ணங்களில், ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் தொட்டுக்கொள்ளச் சிறு பதார்த்தங்கள், அப்புறம் தெளிந்த ரசம் போன்ற ஒன்று, பச்சை மீன் துண்டுகள், சுட்டது, வேகவைத்தது என்று. ஆளுக்கொரு குட்டி அடுப்பைப் பற்றவைத்து, அதில் காளானோ இறைச்சியோ கொதிக்கும். அந்த மாதத்தில், அந்த ஊரில் விளைவது என்னவோ அதுதான் தட்டில். கினோசாக்கியில் குளிர்காலம் என்றால் நண்டு. நண்டுக்காகவே ஆட்கள் வருவார்கள். சோறு கடைசியில்தான் வரும், ஊறுகாயோடும், புளிக்கவைத்த சோயா விழுதில் செய்த மிசோ சூப்போடும். சோற்றுக்காகக் காத்திருக்கும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சைவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும் சாறு மீனில்தான் செய்திருக்கும். தாஷி என்ற அந்தச் சாறு, காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்கவைத்து எடுப்பது. காய்க்கூட்டில், சூப்பில், முட்டைப் பணியாரத்தில் என எல்லாவற்றிலும் அது இருக்கும். சைவம் என்று மட்டும் சொன்னால், மீன் சாறும் கூடாது என்று அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முன்பதிவின்போதே மீன் சாறும் வேண்டாம் என்று தெளிவாக எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். வந்து இறங்கியபின் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. சமையல் காலையிலேயே தொடங்கியிருக்கும். சைவச் சாப்பாடுதான் முக்கியம் என்றால் கோயா மலையில் சுமார் ஐம்பது புத்தக் கோயில்கள் தங்க இடம் தருகின்றன. அங்கே துறவிகளின் சைவ உணவு கிடைக்கும், பாய் அறையும் உண்டு. ஊற்று நீரை மட்டும் பொதுவாக எதிர்பார்க்க முடியாது.

சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பினால் மேசை ஓரமாக நகர்ந்திருக்கும், பாயின் மேல் ஃபுதோன் மெத்தை விரித்திருக்கும். யார் வந்தார்கள், எப்போது விரித்தார்கள் என்றே தெரியாது. மெத்தை மெல்லியதாகத் தோன்றினால் இன்னொன்று கேளுங்கள், தயங்காமல் கொடுப்பார்கள். சுவர்களும் தட்டிகளும் மெல்லியவை, பேச்சைத் தணித்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் ஒரு குளியல், விடியலில் ஒரு குளியல். காலை ஆறு மணிக்குத் தொட்டியில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அப்புறம் சுட்ட மீன், சோறு, மிசோ சூப், முட்டை, கடற்பாசித் தாள், புளிக்கும் உப்புப் பழம் என்று ஒரு காலைச் சாப்பாடு.

பத்து மணிக்குக் கிளம்பும்போது உங்கள் செருப்பு வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். ஒகாமியும் நகாய்-சானும் வெளியே வந்து நிற்பார்கள். வண்டி வளைவில் மறையும் வரை அவர்கள் உள்ளே போக மாட்டார்கள். கண்ணாடியை இறக்கித் திரும்பிப் பார்த்து ஒரு முறை கையசையுங்கள்.